அம்மாவோட தையல் மெஷின் காலும் என் வெல்டிங் கிளாஸும்

எங்க வீட்டுல ஒரு பழைய சிங்கர் தையல் மெஷின் இருக்கு, கால்ல மிதிச்சு ஓட்டுறது. பாட்டி இங்க சிங்கப்பூர்ல சிராங்கூன் ரோட்டுல வாங்கினதாம், அதுலதான் அம்மா தையல் பழகினாங்க, இப்ப கரண்டுல ஓடுற மெஷின் ரெண்டு வந்துட்டாலும் பட்டு பிளவுஸுன்னா அம்மா இன்னும் அந்த மிதிமெஷின்லதான் போய் உக்காருவாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஈசூன்லருந்து பொங்கோலுக்கு வீடு மாறினப்போ சாமான் ஏத்துனவங்க லிஃப்ட் வாசல்ல அதை நழுவ விட்டுட்டாங்க, ஸ்டாண்டோட ஒரு கால் நடுவுல ரெண்டா ஒடைஞ்சு போச்சு. வளையவே இல்ல, அப்படியே பிஸ்கட் மாதிரி முறிஞ்சுது. அம்மா ஒரு வார்த்தை பேசல, ஒடைஞ்ச துண்டைப் பொறுக்கி ஒரு பழைய பாவாடைத் துணியில சுத்தி அலமாரிக்கு அடியில வச்சுட்டாங்க.

அதை எடுத்துக்கிட்டு ரெண்டு பட்டறைக்குப் போனேன். ஒருத்தர் புதுசா இரும்பு ஸ்டாண்டு அடிச்சுத் தரேன்னார், இன்னொருத்தர் கையில வாங்கிப் பார்த்துட்டு இது ஒட்டாதுன்னு திருப்பிக் கொடுத்துட்டார். ஏன் ஒட்டாதுன்னு கேட்டேன், அவருக்கு அவசரம், வேற ஆள் நின்னாங்க. அந்த ‘ஏன்’ எனக்குள்ளயே நின்னுபோச்சு. நான் கப்பல் சரக்கு டாக்குமெண்ட் பார்க்கிற ஆபீஸ்ல வேலை செய்யிறவ, வயசு 41, அதுவரைக்கும் கையில ஸ்க்ரூ டிரைவர் தவிர எதையும் பிடிச்சதில்ல. 25 வயசு தாண்டின சிங்கப்பூரருக்கு 2016-ல அரசாங்கம் கொடுத்த 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் தொடாமலே கிடந்துச்சு, அதுல பாதியும் கையிலருந்து மீதியுமா போட்டு மேற்குப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்துல சாயங்கால வெல்டிங் கிளாஸ்ல சேர்ந்துட்டேன்.

ஆபீஸ் சாங்கிப் பக்கம், கிளாஸ் ஜூரோங் தாண்டி. செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் பச்சை லைன்ல ஒரு கோடியிலருந்து இன்னொரு கோடி வரைக்கும் போகணும், மொத நாள் பையில அந்த இரும்புக் காலும் இருந்துச்சு, மடியில வச்சுக்கிட்டே போனேன்.

எங்க சார் செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர், நம்ம ஆள்தான், சிங்கப்பூர்லயே பொறந்து வளர்ந்தவர். அவர் அந்தக் காலை வாங்கி, சிப்பிங் சுத்தியலால ஒரு தட்டு தட்டினார், டொக்குன்னுச்சு. பக்கத்துல கிடந்த ஒரு மைல்ட் ஸ்டீல் பிளேட்டைத் தட்டினார், டிங்குன்னு நீளமா இழுத்துச்சு. “சத்தம் கேட்டியாம்மா? இது வார்ப்பிரும்பு. இதுல நீ கை வைக்க ஒரு வருஷம் ஆகும், பத்திரமா வீட்டுல வை”ன்னார். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னா கார்பன்தான். நாம கிரில், ரேக்குன்னு பார்க்கிற மைல்ட் ஸ்டீல்ல கார்பன் கால் சதவீதம் இருந்தாலே அதிகம், வார்ப்பிரும்புல ரெண்டுலருந்து நாலு சதவீதம் வரைக்கும் போகும். அதனாலதான் அது சுலபமா உருகி அச்சுல ஊத்த வருது, பூ வேலை கொடி வேலையெல்லாம் காலுல அழகா நிக்குது, ஆனா வளையத் தெரியாது, ஒரு இடத்துல மட்டும் சூடு போட்டுச் சட்டுன்னு ஆறவிட்டா பக்கத்துலயே விரிசல் விட்டுரும். எனக்கு ரெண்டு பட்டறையில கிடைக்காத பதில் மொத நாளே கிடைச்சுது.

முதல்ல எல்லாரும் ஸ்டிக் வெல்டிங்தான். ராடுன்னா பூச்சு பூசின கம்பி, கரண்டுல தானும் உருகி இணைப்பை நிரப்பும். எங்களுக்குக் கொடுத்த ராடு 6013. அந்த நம்பர் சும்மா வச்சதில்ல, 60-ன்னா வச்ச மெட்டல் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவை தாங்கும்னு அர்த்தம், அடுத்த 1-ன்னா கீழ, பக்கவாட்டு, மேல் நோக்கி, தலைக்கு மேலன்னு எல்லா நிலையிலயும் வெல்டிங் அடிக்கலாம், கடைசி நம்பர் மேல இருக்கிற பூச்சு என்ன வகைன்னு சொல்லும். அந்தப் பூச்சுதான் எல்லாமே. எரியும்போது அது புகையாகி காத்து உள்ள வராம மறைக்குது, மிச்சம் சிலாக்குங்கிற கசடா மேல படிஞ்சு சூடான மெட்டலைப் போர்த்திக்குது. பூச்சில்லாத வெறும் கம்பியில அடிச்சா காத்துல இருக்கிற ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் கலந்து மெட்டல் நொறுங்கிப் போயிடும். பூச்சு ராடை ஸ்வீடன்காரர் ஆஸ்கர் கெல்பெர்க் 1900-களோட ஆரம்பத்துல கண்டுபிடிச்சாருன்னு சார் சொன்னார், ஆர்க்ல, அதாவது ராடுக்கும் பிளேட்டுக்கும் நடுவுல கரண்டு தாவுற நெருப்புல, வெல்டிங் அதுக்கு முன்னாடியே இருந்தாலும் இந்தப் பூச்சு வந்த பிறகுதான் இவ்வளவு தூரம் வந்துச்சாம்.

மொத வாரம் ராடு ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. தீக்குச்சி உரசுற மாதிரி பிளேட்டுல உரசிட்டு உடனே லேசா தூக்கணும், தூக்கலன்னா ஒட்டிக்கும், ரொம்ப தூக்கினா அணைஞ்சிரும், நடுவுல இருக்கிறது ராடோட தடிமன் அளவு, மூணு மில்லிமீட்டர்தான். ஒட்டிக்கிச்சுன்னா ராடு முழுக்கச் செவக்க ஆரம்பிச்சிடும், ராடைப் பிடிச்சிருக்கிற ஹோல்டரை இடமும் வலமுமா முறுக்கி எடுக்கணும், வரலன்னா ஹோல்டர் வாயைத் திறந்து ராடை விட்டுரணும், பதறக்கூடாது. 6 மில்லிமீட்டர் பிளேட்டு, 3.2 ராடு, 110 ஆம்ப்ஸ், ஒரு கோடு, அதுக்குப் பக்கத்துல இன்னொரு கோடு, அதுக்குப் பக்கத்துல இன்னொன்னு. மூணு வாரம் அது மட்டும்தான்.

மூணாவது வாரம் என்கிட்ட ஒரு விஷயம் மாறுச்சு, அதைத்தான் நான் முக்கியமா எழுதணும்னு நினைச்சேன். அதுவரைக்கும் ஹெல்மெட் கண்ணாடி வழியா நான் பார்த்தது வெளிச்சத்தை. பச்சை இருட்டுக்குள்ள ஒரு வெள்ளைப் புள்ளி, மனுஷக் கண்ணு தானா அங்கதான் போகும், போகாம இருக்க முடியாது. சார் பின்னாடி நின்னு, “வெளிச்சத்தைப் பார்க்காதம்மா, குழம்பைப் பாரு, வெளிச்சம் எங்கயும் ஓடிடாது”ன்னார். குழம்புன்னா உருகின மெட்டல் குளம். கண்ணை அந்தப் புள்ளியிலருந்து பிடுங்கி ஒரு நூல் பின்னாடி வச்சேன், முதல்ல ஒன்னும் தெரியல, அப்புறம் தெரிஞ்சுது. ஒரு சின்ன உளுந்து வடை அளவு கூட இல்ல, வட்டமா, பளபளன்னு, முன் ஓரம் பிளேட்டைக் கடிச்சுக்கிட்டே போகுது, பின் ஓரம் உறைஞ்சு ஒவ்வொரு வரியா நிக்குது, அதுக்கு மேல சிலாக்கு சர்க்கரைப்பாகு மாதிரி மெதுவா சுழன்டு பின்னாடி ஒதுங்குது. அந்தக் குளத்தோட அகலத்தை ஒரே அளவுல வச்சுக்கிறதுதான் வெல்டிங், கையை நகர்த்துறது அதுக்குப் பின்னாடி தானா வரும். அகலமாச்சுன்னா வேகமா போகணும், சுருங்கிச்சுன்னா நிக்கணும். அதுக்கு முன்னாடி நான் எண்ணிக்கிட்டே நகர்த்திக்கிட்டிருந்தேன், ஒன்னு ரெண்டு மூணுன்னு, எண்ணிக்கையை விட்ட அன்னைக்குத்தான் கோடு ஒழுங்கான கோடா வந்துச்சு.

காதும் வேணும். ஆர்க் சரியா இருந்தா எண்ணெயில வடை வேகுற சத்தம், விடாம ஒரே சீரா இருக்கும். ராடு தூரமாப் போயிடுச்சுன்னா கடுகு வெடிக்கிற மாதிரி பொரியும், சுத்தி எல்லாம் குண்டு குண்டா தெறிச்சிருக்கும். எங்க சார் எங்க பக்கம் திரும்பாமலே, கோப்பி குடிச்சுக்கிட்டே, “மூணாவது பூத்து, கிட்ட கொண்டு போ”ம்பார்.

ஒரு நாள் நல்லா வந்த பிளேட்டு ஒன்னை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அம்மாகிட்ட காமிச்சேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பிளவுஸ் தையலைப் பார்க்கிற மாதிரியே நகத்தால ஓரமா இழுத்துப் பார்த்தாங்க. “ஆரம்பிக்கிற இடத்துல மொத்தமா குவிஞ்சிருக்கு, முடிக்கிற இடத்துல குழி விழுந்திருக்கு, நடுவுல பரவால்ல”ன்னாங்க. சார் சொன்னதும் அதேதான், வார்த்தை கூட மாறல. முடிக்கும்போது ராடை அப்படியே தூக்கிட்டா குளம் உறையிறப்போ நடுவுல குழி விழுந்து அங்கதான் விரிசல் ஆரம்பிக்கும், ஒரு நொடி பின்னாடி வந்து குழியை நிரப்பிட்டுத்தான் தூக்கணும். திரும்ப ஆரம்பிக்கிறப்பயும் விட்ட குழியில நேரா உரசக்கூடாது, ஒரு சென்டிமீட்டர் முன்னாடி பத்த வச்சு, குழிக்குப் பின்னாடி வந்து, அப்புறம் போகணும், முன்னாடி உரசின தழும்பு அந்தப் போக்குல உருகி மறைஞ்சிரும். தையல்ல நூல் அறுந்தா ரெண்டு தையல் பின்னாடி வந்து ஆரம்பிப்பாங்களே, அம்மா அதைச் சொன்னதும் எனக்கு அதுக்கு மேல விளக்கமே தேவைப்படல.

அடுத்தது டி ஜாயிண்ட், ஒரு பிளேட்டு படுத்திருக்கும், அது மேல இன்னொன்னு நிக்கும், மூலையில அடிக்கணும். எனக்கு அது ரொம்ப அழகா வந்துச்சு, வரி வரியா, ஓரம் நேரா, சிலாக்கு தட்டாமலே சுருண்டு எழும்பி வந்துச்சு, நான் போட்டோவெல்லாம் எடுத்துட்டேன். சார் பார்த்துட்டு தலையாட்டினார், அப்புறம் அதை வைஸ்ல மாட்டி பெரிய சுத்தியலைக் கையில கொடுத்தார். வெல்டிங் இருக்கிற பக்கமா நிக்கிற பிளேட்டு சாயுற மாதிரி அடிக்கணும், அப்பத்தான் உள்ள இருக்கிற ரூட்டு, அதாவது வெல்டிங்கோட அடி மூலை, திறக்கும். நாலாவது அடியில ஒடைஞ்சுது. உள்ள பார்த்தேன். நல்லாப் பிடிச்ச இடத்துல சாம்பல் நிறத்துல சொரசொரன்னு, ஒடைச்ச வெல்லத்தோட முகம் மாதிரி இருந்துச்சு. நடுவுல நாலு சென்டிமீட்டருக்கு பிளேட்டோட மூலை வெட்டின மாதிரியே நேரா இருக்கு, உருகவே இல்ல, நான் அடிக்கிறதுக்கு முன்னாடி போட்ட கிரைண்டர் கீறல் கூட அப்படியே தெரியுது. மேல அவ்வளவு அழகு, உள்ள ஒன்னும் பிடிக்கல. ஆம்ப்ஸ் கம்மி, ராடை மேல் பிளேட்டுப் பக்கமா சாய்ச்சுட்டேன், சிலாக்கு எனக்கு முன்னாடி மூலைக்குள்ள ஓடி உக்காந்துக்கிச்சு, மெட்டல் அது மேல பாலம் போட்டுட்டுப் போயிருக்கு. அந்த ஒடைஞ்ச துண்டு இப்பவும் என் ஆபீஸ் மேசையில இருக்கு, பேப்பர் பறக்காம வைக்கிறதுக்கு. அதுக்கப்புறம் நான் அடிக்கிற ஒவ்வொரு டி ஜாயிண்ட்லயும் ஒன்னை ஒடைக்காம அடுத்ததுக்குப் போறதில்ல, வெளிய எப்படி இருக்குங்கிறதை நான் நம்புறதை விட்டுட்டேன்.

பழகுறதுக்கு இடம் கிடைக்கிறதுதான் இங்க பெரிய பாடு. தமிழ்நாட்டுப் பக்கம் ஊருல வீட்டுக்குப் பின்னாடி கொட்டகை இருக்கும், தோட்டம் இருக்கும், யாராவது பட்டறை வச்சிருப்பாங்க. இங்க அடுக்குமாடி புளோக்குல பதினாலாவது மாடியில இருந்துக்கிட்டு எங்க போய் அடிக்கிறது, காரிடார்ல நெருப்புப் பொறி பறந்தா அக்கம்பக்கம் என்ன ஆகும், அதை யோசிக்கவே கூடாது. அதனால வீட்டுல நெருப்பில்லாமப் பழகினேன். சாப்பாட்டு மேசையில ஒரு கோடு போட்ட பேப்பர், கையில ஹோல்டருக்குப் பதிலா ஒரு துணிக் கிளிப்பு, அதுல கோப்பிக் கடை சாப்ஸ்டிக் ஒன்னு, நுனி பேப்பரைத் தொடாம மூணு மில்லிமீட்டர் மேல, பதினஞ்சு டிகிரி சாய்வு, பதினஞ்சு சென்டிமீட்டர் தூரம், முப்பது முறை. ராடு எரிய எரியக் குட்டையாகிக்கிட்டே வரும், கை அதுக்கேத்த மாதிரி இறங்கிக்கிட்டே போகணும், சாப்ஸ்டிக்ல அது வராது, அதனால கொஞ்ச நாள் ஊதுபத்தியை மாட்டிப் பார்த்தேன், எரியிற வேகம் பத்தல. ஆனா தோள்பட்டை பழகிச்சு. அது போதும்.

கிளாஸ்ல என் பக்கத்து பூத்துல மன்னார்குடித் தம்பி ஒருத்தர் இருந்தார், இங்க ஒரு பைப் கம்பெனியில பெர்மிட்டுல இருக்கிறவர். அவர் என்னை மாதிரி ஆசைக்கு வந்தவர் இல்ல. 45 டிகிரி சாய்வுல அசையாம நிறுத்தி வச்ச பைப்பைச் சுத்தி வந்து அடிக்கிற 6ஜி டெஸ்ட் பாஸ் பண்ணினா சம்பளம் ஏறும், அதுக்காக நாள் முழுக்க வேலை பார்த்துட்டு சாயங்காலம் லாரியிலருந்து இறங்கி நேரா இங்க வருவார். முன்னாடி திருச்சியில, துவாக்குடிப் பக்கம் பெல் கம்பெனிக்கு வேலை எடுத்துச் செய்யிற ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில இருந்திருக்கார். பாய்லர் வேலை நடக்கிற இடம்ங்கிறதால அந்தப் பக்கம் வெல்டருங்க ஜாஸ்தி, பெல்லுக்குள்ளயே 1975-லருந்து வெல்டிங்குக்குன்னு தனியா ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அவர்தான் எனக்கு உடம்பை எப்படி வைக்கிறதுன்னு சொல்லிக் கொடுத்தது. “அக்கா, அந்தரத்துல கையைத் தொங்க விடாதீங்க, இடுப்பை மேசையில சாச்சுக்கோங்க, இடது கை முட்டியை ஊனிக்கோங்க, பத்த வைக்கிறதுக்கு முன்னாடி கடைசி வரைக்கும் ஒரு தடவை சும்மா போய்ப் பாருங்க, கேபிள் எங்கயாவது இழுக்குதான்னு தெரிஞ்சிரும்.” கேபிளைத் தோள்ல ஒரு சுத்து போட்டுக்கிட்டா அதோட எடை மணிக்கட்டுல விழாதுங்கிறதும் அவர் சொன்னதுதான். அந்த ஒரு சாயங்காலம் எனக்கு நாலு கிளாஸுக்குச் சமம்.

அவர் அடிக்கிறதைப் பார்க்கிற ஆசையிலதான் நான் ஒரு தப்பு பண்ணினேன். பூத்து திரை சரியா மூடல, ஹெல்மெட்டைக் கழட்டி வச்சுட்டு தண்ணி குடிச்சுக்கிட்டே அந்த இடுக்கு வழியா மூணு நாலு தடவை பார்த்துட்டேன், அப்ப ஒன்னும் தெரியல. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துச்சு, ரெண்டு கண்ணுலயும் மணலை அள்ளிக் கொட்டின மாதிரி, திறந்தாலும் எரியுது, மூடினாலும் உறுத்துது, தண்ணியாக் கொட்டுது. அம்மா பயந்துபோய் உருளைக்கிழங்கு வெட்டி வைக்கவான்னு நின்னாங்க. காலையில டாக்டர் பார்த்துட்டு வெயில்ல தோல் எரியிற மாதிரிதான் இது, ஆர்க்ல வர்ற புற ஊதாக் கதிர் கண்ணோட மேல் படலத்தை எரிச்சிருச்சு, அடிக்கிறப்ப தெரியாது, பல மணி நேரம் கழிச்சுத்தான் வலி வரும்னு சொன்னார். ரெண்டு நாள்ல சரியாச்சு. இதைப் படிச்சுட்டு யாராவது பழகப் போனா, அடிக்கிறவரை விட பக்கத்துல நிக்கிறவருக்குத்தான் கண்ணு போகும்னு ஞாபகம் வச்சுக்கோங்க, திரையை இழுத்து மூடிட்டுத்தான் நிக்கணும்.

துணியும் அப்படித்தான். ஆபீஸ் சட்டை பாலியஸ்டர், ஒரு பொறி விழுந்தா உருகித் தோல்ல ஒட்டிக்கும், அதனால பருத்தி, இல்லன்னா ஜீன்ஸ். வளையல், மோதிரம், மெட்டி எல்லாம் பையில. நம்ம ஊரு புழுக்கத்துல அரை மணி நேரத்துல கையுறை உள்ளுக்குள்ள நனைஞ்சிடும், ஈரக் கையுறையோட ராடு மாத்துறப்போ சுருக்குன்னு ஒரு இழுப்பு வரும், மெஷின் சும்மா நிக்கிறப்பவே முனையில அறுபது எழுபது வோல்ட் இருக்கும், அதனால எல்லாரும் ரெண்டு ஜோடி கையுறை கொண்டு போவோம். பக்கத்துல டிக் (TIG) வெல்டிங் பூத்துல ஃபேன் கூட போட முடியாது, அங்க பூச்சுக்குப் பதிலா ஆர்கான் வாயுதான் காத்தை மறைக்குது, காத்து அடிச்சா ஆர்கான் கலைஞ்சுபோய் வெல்டிங் முழுக்க ஓட்டை ஓட்டையா வந்துரும், அங்க நிக்கிறவங்களைப் பார்த்தா பாவமா இருக்கும்.

ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சார் மொத வாரத்துலயே ஸ்பைரோஸ் கதையைச் சொல்லிடுவார். 1978 அக்டோபர் 12, ஜூரோங்ல ரிப்பேருக்கு நின்ன கிரேக்க எண்ணெய்க் கப்பல், மத்தியானச் சாப்பாடு முடிச்சு ஆளுங்க வேலைக்குத் திரும்பின நேரம், கட்டிங் டார்ச்சோட தீப்பொறி எரிபொருள் டேங்க்ல இருந்த வாயுவைப் பிடிச்சு வெடிச்சிருச்சு, 76 பேர் போயிட்டாங்க. அந்த டேங்க்ல வெறும் கப்பல் எரிபொருள் மட்டும் இல்ல, கச்சா எண்ணெயும் கலந்திருந்துச்சு, அதனாலதான் பத்திக்கிச்சுன்னு விசாரணையில தெரிஞ்சுது. சார் அப்ப இருபது வயசுப் பையன், வேற யார்டுல இருந்திருக்கார், அதைச் சொல்றப்ப ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கிடும். எங்க கிளாஸ்ல வேலை முடிச்ச பிறகும் அரை மணி நேரம் யாராவது ஒருத்தர் அங்கேயே நின்னு மூலை முடுக்கெல்லாம் பார்த்துட்டுத்தான் பூட்டணும், அது ஏன்னு யாரும் அவர்கிட்ட கேட்டதில்ல.

கோர்ஸ் முடிஞ்ச பிறகு சுங்கை காடுட்ல என் தம்பியோட சிநேகிதர் பட்டறையில சனிக்கிழமை மத்தியானம் ஒரு மூலை கிடைச்சுது. அங்கதான் நிமிர்ந்து நிக்கிற பிளேட்டுல கீழருந்து மேல அடிக்கப் பழகினேன், மெட்டல் வழிஞ்சு காலுல விழும், ஆம்ப்ஸைப் பத்து பன்னெண்டு குறைச்சுக்கிட்டு, ரெண்டு ஓரத்துலயும் நின்னு, நடுவுல சட்டுன்னு தாண்டிப் போகணும். ஓரத்துல நிக்கலன்னா பிளேட்டு அரிச்ச மாதிரி பள்ளம் விழுந்திடும். 7018 ராடும் அங்கதான், அது ஈரத்தைக் குடிக்கிற ராடு, பாக்கெட்டைப் பிரிச்சு நம்ம காத்துல வச்சா போதும், ஈரத்துல இருக்கிற ஹைட்ரஜன் மெட்டலுக்குள்ள போய், அடிச்சு முடிச்சு ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுக் கூட விரிசல் விடும், அதனால சூடான அடுப்புலயே வச்சிருந்து ஒவ்வொன்னா எடுக்கணும். அம்மாவோட கருவேப்பிலைத் தொட்டிக்கு ஒரு ரேக்கு செஞ்சேன், காரிடார்ல 1.2 மீட்டர் வழி விட்டாகணும், அதுக்கேத்த ஒடுக்கமான ரேக்கு. சதுர டியூப்பு, ஒன்றரை மில்லிமீட்டர்தான் தடிமன், ரெண்டு இடத்துல ஓட்டை விழுந்துச்சு, அதை விடுங்க, ஒரு பக்கமே முழுசா அடிச்சுட்டேன், அது ஆறினதும் இழுத்து ரேக்கு கோணிக்கிச்சு. அம்மா பார்த்த உடனே, “ஓட்டுத் தையல் போடாம நேரா தைச்சியா? துணியும் இப்படித்தான் சுருங்கும்”ன்னாங்க. அறுத்துப் பிரிச்சு, நாலு மூலையிலயும் டேக், அதாவது சின்னப் புள்ளி வெல்டிங், போட்டு, மூலைக்கு மூலை மாத்தி மாத்தி அடிச்சேன், நேரா நின்னுச்சு.

இந்த ஆண்டுதான் சார் சரின்னார். அதுக்கும் முதல்ல பழைய லாரி பிரேக் டிரம் ஒன்னைக் கொடுத்தார், அதுவும் வார்ப்பிரும்பு. நிக்கல் ராடு, 6013-ஐ விட பல மடங்கு விலை, மெத்துன்னு இருக்கிற மெட்டல், இழுத்தா கொடுக்கும். நான் ஆசையில எட்டு சென்டிமீட்டருக்கு ஒரே ஓட்டமா அடிச்சுட்டு ஹெல்மெட்டைத் தூக்கினேன், பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, தண்ணி பாட்டிலை எடுக்கத் திரும்புறேன், டிக். ஊசி விழுந்த மாதிரி ஒரு சத்தம். கோட்டுக்குப் பக்கத்துலயே முடி மாதிரி ஒரு விரிசல். அந்தச் சத்தத்தைக் கேட்டவங்களுக்கு மறக்காது.

அதுக்கப்புறம் ரெண்டரை சென்டிமீட்டர் மட்டும், அடிச்ச உடனே உருண்டை முனைச் சுத்தியலால அது மேல மெதுவா தட்டிக்கிட்டே வரணும், ஆறுறப்போ சுருங்குற இழுப்பு அதுல தளரும், அப்புறம் வெறும் கையை வைக்கிற அளவுக்கு ஆறின பிறகுதான் அடுத்தது, அதுவும் பக்கத்துல இல்ல, எதிர்ப் பக்கம். ஆறு சனிக்கிழமை பிரேக் டிரம்லயே போச்சு.

போன மாசம் பாவாடைத் துணியைப் பிரிச்சு காலை எடுத்தேன். அறுபது வருஷம் மெஷின் எண்ணெய் குடிச்ச இரும்பு, சூடு காட்ட காட்ட உள்ளருந்து எண்ணெய் கசிஞ்சு வந்துக்கிட்டே இருக்கு, துடைக்கிறது, திரும்ப சூடு காட்டுறது, துடைக்கிறது, அதுக்கே ஒரு மணி நேரம். ஒடைஞ்ச முகத்தை ரெண்டு பக்கமும் சரிச்சுத் தேய்ச்சேன், நடுவுல ஒரு நூல் மட்டும் தேய்க்காம விட்டேன், பழைய ஒடைசல் பல்லுக்குப் பல்லு சரியா உக்காந்தாத்தான் கால் நேரா வரும். டேக் போட்டு, பட்டறைத் தரையில நிறுத்தி, மட்டம் வச்சுப் பார்த்து, அப்புறம் ஆரம்பிச்சேன். துண்டு துண்டா, மொத்தம் பதினோரு துண்டு வெல்டிங். ஒவ்வொன்னுக்கும் நடுவுல ஹெல்மெட்டைத் தூக்கிட்டு காதைக் கொடுத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். வெளிய லாரிங்க போகுது வருது, பக்கத்துல மரம் அறுக்கிற சத்தம், அதுக்குள்ள அந்த டிக் வருதான்னு கேக்கணும். வரல. பதினொன்னு முடிக்கிறப்போ மணி ஏழு ஆயிடுச்சு.

வீட்டுல அம்மா ஹால் லைட்டுக்குக் கீழ அந்தக் காலை மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க, கண்ணாடியை மேல தூக்கி விட்டுக்கிட்டு, பெருவிரல் நகத்தால முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை. ஒரு இடத்துல நகம் நின்னுச்சு.

“இங்க ஒரு தையல் விட்டிருக்கே.”

டார்ச் அடிச்சுப் பார்த்தேன். குண்டூசித் தலை அளவு ஒரு ஓட்டை, ஏழாவது துண்டும் எட்டாவது துண்டும் சேர்ற இடத்துல, எண்ணெய் மிச்சம் எங்கயோ இருந்து புகைஞ்சிருக்கு. சார்கிட்ட போட்டோ அனுப்பினேன், தோண்டி எடுத்துட்டு நிரப்பு, அது மேல அப்படியே அடிச்சுடாதன்னு பதில் வந்துச்சு. வர்ற சனிக்கிழமை சுங்கை காடுட் போகணும். அம்மா அந்தக் காலை அதே பாவாடைத் துணியில சுத்தி என் பைக்குள்ள வச்சிருக்காங்க.